வானத்தைக் கேளுங்கள்: ஒற்றை விசில்

(இருபத்தொன்பது ஆண்டுகள் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது கொழிஞ்சாம்பாறையில் தென்னை வளர்க்கும் நமது பத்தியாளர் பதில் சொல்கிறார்.)

ஆனி மாதம் சென்னையிலிருந்து கோவைக்கு விமானத்தில் வந்தோம். சக்கரம் தரையைத் தொடப்போகிற நேரத்தில் திடீரென்று உறுமிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. என் மாமியார் வாய்விட்டு முருகனைக் கூப்பிட்டுவிட்டார். கால் மணி நேரம் சுற்றிய பிறகு இறக்கினார்கள். விமானிக்குச் சரியாக ஓட்டத் தெரியவில்லையா? — வாசகி, கோபாலபுரம்

நன்றாக ஓட்டத் தெரிந்தவர் அம்மா. அதனால்தான் மேலே ஏறினார். எங்கள் பேச்சில் இதற்கு 'கோ அரவுண்ட்' என்று பெயர். இறங்கும்போது எதுவோ மனதுக்கு ஒப்பவில்லை என்றால் இயந்திரங்களுக்கு முழு விசை கொடுத்து, மூக்கைத் தூக்கி, ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடி வருவது. வயிற்றைப் பிசையும், உறுமல் காதைக் கிழிக்கும். ஆனால் விமானத்துக்கு அது தினசரி வேலைதான். முன்னால் இறங்கியது ஓடுபாதையை விட்டு விலகாமல் இருந்திருக்கலாம். குறுக்கே நாய் ஓடியிருக்கலாம், மயில் பறந்திருக்கலாம். ஒரு நாய்க்காக நானே இரண்டு விமானங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கோபாலபுரத்தில் கூரை பிய்த்துக்கொண்டு போகும்போது கோவை ஓடுபாதை மட்டும் சும்மா இருக்குமா?

ஒரு பழைய கதை. தென்னகத்து விமான நிலையம் ஒன்றில் நான் இரவுப் பணியில் இருந்தேன். ஐப்பசி அடைமழை. ஒரு கேப்டன் இரண்டு முறை இறங்கிவந்து இரண்டு முறையும் மேலேறினார். மூன்றாம் முறை கேட்கவில்லை. "சென்னைக்குப் போகிறேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பயணிகளை அழைத்துப்போக வந்தவர்கள் கீழே கூச்சல் போட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் புகார்ப் புத்தகம் கேட்டு வாங்கி ஒன்றரைப் பக்கம் எழுதினார். மறுநாள் காலை வெயிலில் அதே கேப்டன் வந்து இறங்கி, கோபுரத்துப் படிகளை ஏறிவந்து எங்களோடு சுக்குக் காப்பி குடித்தார். புகாரைக் காட்டினோம். முழுவதும் படித்துவிட்டு, "கையெழுத்து நன்றாக இருக்கிறது" என்றார்.

உங்கள் மாமியாருக்கு என் வணக்கம். முருகனைக் கூப்பிட்டதில் தவறில்லை.

கரிப்பூரில் (கோழிக்கோடு விமான நிலையம்) மழையில் விமானம் வழுக்கி விழுந்தது என்று எங்கள் டீக்கடையில் ஒருவர் சொல்கிறார். மலையை வெட்டி விமான நிலையம் கட்டியதுதான் காரணம் என்கிறார் இன்னொருவர். எது சரி? — வாசகர், வேலந்தாவளம்

இரண்டு பேரும் கடைசி அரை நிமிடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது.

2020 ஆகஸ்ட் 7. நமக்கு ஆடி. முந்தைய இரவில்தான் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயன் வீடுகளை மூடியிருந்தது. எழுபது பேர்; பெரும்பாலும் கயத்தாறுப் பக்கத்து வேர்கள் உள்ள நம் தமிழ்த் தொழிலாளர்கள். அதே மழைதான் அன்று மாலை கரிப்பூரிலும் பெய்துகொண்டிருந்தது. (கரிப்பூரில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம், பெட்டிமுடியில் ஐந்து லட்சம் என்று கேரள அரசு அறிவித்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நானும்தான்.)

கொரோனாக் காலத்தில் வெளிநாட்டில் சிக்கியவர்களைக் கொண்டுவந்த வந்தே பாரத் விமானம் அது. துபாயிலிருந்து 184 பயணிகள், இரண்டு விமானிகள், நான்கு விமானப் பணியாளர்கள். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737. முதலில் மேற்கு நோக்கி, 28 என்று எண் உள்ள முனையில் இறங்க வந்தார்கள். காற்றுக்கு எதிராக இறங்குவது என்பதால் அது சரியான முனை. ஆனால் கேப்டன் பக்கத்துக் கண்ணாடியில் வைப்பர் சிறிது நேரம் ஆடி நின்றுபோயிற்று. கொட்டும் மழையில் எதிரே எதுவும் தெரியாமல் மேலே ஏறினார்கள். இதுவரை சரி. கோபாலபுரத்து அம்மா பார்த்ததும் இதைத்தான்.

இரண்டாம் முறை எதிர்முனையான 10இல் வந்தார்கள். இப்போது காற்று முதுகுப் பக்கம். பின்காற்றில் விமானம் காகிதப் பட்டம்போலத் தரையைத் தொடாமல் மிதக்கும். ஓடுபாதையின் நீளம் 8,858 அடி. தொடங்கிய இடத்திலிருந்து ஆயிரம் அடி வாக்கில் சக்கரம் பதியவேண்டும். பதிந்தது 4,438ஆவது அடியில். பாதிப் பாதை ஏற்கெனவே பின்னால் போய்விட்டது. மீதிப் பாதையும் ஈரம். ஓடுபாதை முடிந்து, அதற்கப்பால் இருந்த பாதுகாப்பு மண்பரப்பும் முடிந்து, சுமார் 110 அடிப் பள்ளத்தில் விழுந்து மூன்று துண்டாயிற்று. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை என்பது பெரிய கொடுப்பினை. கொண்டோட்டி மக்கள் கொரோனாவை மறந்து ஓடிவந்து கைகளால் அள்ளி எடுத்தார்கள். பிறகு வீட்டில் தனிமையில் இருந்தார்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

ஆக, மழை உண்டு, மலை உண்டு. ஆனால் அதே மழையில் அதே மலையில் எத்தனையோ விமானங்கள் ஒழுங்காக இறங்கியிருக்கின்றன. சீராக அமையாத இறக்கத்தைக் கைவிடாமல் தொடர்ந்ததும், துணை விமானி மேலேறச் சொன்ன பிறகும் ஏறாததும்தான் காரணம் என்று விபத்து விசாரணை அமைப்பின் 2021 அறிக்கை சொல்கிறது. ஓடுபாதை மேசைபோல உயரத்தில் இருந்தது தவறை உண்டாக்கவில்லை. சமவெளியில் செய்திருந்தால் வயலில் சேறு பூசிக்கொண்டு எழுந்து வந்திருக்கக்கூடிய தவறை அது மன்னிக்கவில்லை.

உங்கள் டீக்கடைக்கு இன்னொரு செய்தி. கரிப்பூரில் மழையின்போது பின்காற்றில் 10ஆம் முனையில் இறங்குவது உயிரோடு விளையாடுவது என்று சென்னையைச் சேர்ந்த கேப்டன் மோகன் ரங்கநாதன் 2011இலேயே எழுத்தில் எச்சரித்திருந்தார். கடிதம் கோப்பில் இருந்தது.

பின்காற்று 14 நாட் என்று படித்தேன். மணிக்கு 26 கிலோமீட்டர்தான் வருகிறது. என் அப்பாவின் மொபெட் அதைவிட வேகமாகப் போகும். அவ்வளவு பெரிய விமானத்தை அது என்ன செய்துவிடும்? — கல்லூரி மாணவி, எருத்தேம்பதி

நல்ல கேள்வி, கணக்கோடு கேட்டதற்காகக் கணக்கோடே பதில். விமானத்தைத் தாங்குவது அதன்மேல் படும் காற்று. அதன் வேகத்தைக் குறைக்க முடியாது. அன்று தரையை ஒட்டி ஓடிய வேகம் 165 நாட், அதாவது மணிக்கு 305 கிலோமீட்டர். பின்காற்று 14ஐக் கழித்தால் காற்றில் அதன் வேகம் 151. இதே விமானம் இதே காற்றில் மறுமுனையில் இறங்கியிருந்தால் 151இலிருந்து 14 குறைந்து தரையில் 137தான்.

165க்கும் 137க்கும் வித்தியாசம் கொஞ்சம்தான் என்று தோன்றும். ஆனால் பிரேக் தின்னவேண்டியது வேகத்தை அல்ல, வேகத்தின் வர்க்கத்தை. இரண்டையும் வர்க்கமாக்கி வகுத்துப் பாருங்கள்: 1.45. ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு வேலை, அதுவும் ஈரத் தரையில், பாதி நீளத்தில். உங்கள் அப்பாவை ஆடிக்காற்றில் வேலந்தாவளத்திலிருந்து கிழக்கே மொபெட்டில் போகச் சொல்லிவிட்டு, நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

இன்னொரு கணக்கு: அந்த வேகத்தில் ஒரு வினாடி மிதந்தால் 85 மீட்டர் போய்விடும். 'இதோ தொட்டுவிடும், இதோ தொட்டுவிடும்' என்று பத்து வினாடி காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

துணை விமானிக்கு ஆபத்து தெரிந்திருக்கிறது. சொல்லியும் இருக்கிறார். அப்படியானால் அவரே விமானத்தை மேலே ஏற்றியிருக்கலாமே? உயிர் போகிற நேரத்தில் என்ன மரியாதை? — வாசகர், மீனாட்சிபுரம்

வெளியே நின்று கேட்பது எளிது. ஆனாலும் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

விதிப்படி ஏற்றியிருக்கவேண்டும். துணை விமானி சொல்லியும் கேப்டன் கேட்காவிட்டால் கட்டுப்பாட்டைத் தானே எடுத்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு உண்டு. அறிக்கை அதையும் சொல்கிறது. அதே அறிக்கை, அந்த அறைக்குள் மேல் கீழ் என்ற ஏணி செங்குத்தாக இருந்தது என்றும் சொல்கிறது. கேப்டன் தீபக் சாத்தே விமானப்படையில் சோதனை விமானியாக இருந்தவர், அறுபதை நெருங்கியவர். பக்கத்தில் இருந்தவர் அகிலேஷ் குமார், வயதில் பாதிதான். நம் வீடுகளில் பெரியப்பா வண்டி ஓட்டும்போது பின்னால் இருக்கும் பையன் எந்தக் குரலில் 'மெதுவாகப் போங்கள்' என்பான்? அந்தக் குரலில்தான் அவரும் சொல்லியிருக்கிறார்.

மங்களூரைச் சேர்த்துப் பாருங்கள். 2010 மே 22. அதுவும் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737, அதுவும் மலைமேல் ஓடுபாதை. கேப்டன் பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கி எழுந்தவர். தூக்கக் கலக்கம் தெளியவில்லை என்று விசாரணையில் வந்தது. உயரம் குறையாமலே வந்து, ஓடுபாதையில் 5,200 அடி கடந்த பிறகு தொட்டார்கள். துணை விமானி மூன்று முறை மேலேறச் சொல்லியிருந்தார். 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். காசர்கோட்டுக் குடும்பங்கள் பல அன்று அழுதன. பத்து ஆண்டு கழித்து அதே நிறுவனத்தில், அதே மாதிரி விமானத்தில், கேப்டன் உட்காரும் அதே இடதுபக்க நாற்காலி கேட்கவில்லை, துணை விமானியின் வலதுபக்க நாற்காலி கையை நீட்டவில்லை.

நம் பஸ்ஸில் இதற்கு மருந்து உண்டு. பொள்ளாச்சி பஸ்ஸில் போகிறீர்கள். டிரைவர் ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும் ஆள். கண்டக்டர் போன மாதம் சேர்ந்த பையன். பையன் ஒற்றை விசில் அடித்தால் பஸ் நிற்கும். 'எதற்கடா' என்ற கேள்வி, நின்ற பிறகுதான். நிறுத்தாமல் போகிற டிரைவரை நான் இந்த வழித்தடத்தில் பார்த்ததில்லை. விசிலுக்கு வயது கிடையாது, தயங்கும் குரலும் கிடையாது. லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் வண்டியின் பக்கவாட்டில் தட்டினால் அறுபது வயது டிரைவரும் பிரேக்கை மிதிக்கிறார். வாளையாறு சோதனைச் சாவடியில் போய் நின்று பாருங்கள். விமானிகளின் அறையிலும் 'கோ அரவுண்ட்' என்ற சொல் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. யார் சொன்னாலும் ஏறு, விவாதம் மேலே போய். புத்தகத்தில் இருப்பது ஆளுக்குள் இறங்கவில்லை.

எல்லாவற்றையும் செத்துப்போன விமானிகள் தலையில் கட்டிவிட்டீர்கள். உங்கள் கோபுரத்து ஆட்கள்மேல் ஒரு தூசியும் படவில்லையா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், சித்தூர்

பட்டது சார். இந்தக் கேள்வி வரவேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

முதல் முயற்சி தோற்று விமானம் சுற்றிக்கொண்டிருந்தபோது, கீழே புறப்படக் காத்திருந்த வேறொரு விமானம் 10ஆம் முனையைக் கேட்டது. கோபுரம் அவசரமாக ஓடுபாதையின் முனையை மாற்றியது. புறப்படுகிறவருக்கு அது வசதி. மழையில், ஈரத் தரையில், பின்காற்றில் இறங்கவேண்டியவருக்கு அது என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. பலத்த பின்காற்று இருப்பதைச் சுட்டி எச்சரிக்கவும் இல்லை என்று அறிக்கை சொல்கிறது. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முனையை மாற்றுவது பத்து வினாடி வேலை. நானும் ஆயிரம் முறை செய்திருப்பேன். காற்றை எண்ணாகப் படித்துவிட்டால் கடமை முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். 'காற்று உங்கள் முதுகில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கூடுதலாக ஒரு வாக்கியம் சொல்ல எங்களுக்கு யாரும் தடை போடவில்லை.

நிறுவனத்தின்மேலும் பட்டது. கோழிக்கோட்டில் 26 துணை விமானிகள் இருந்த இடத்தில் ஒரே ஒரு கேப்டனைத்தான் வைத்திருந்தார்கள். இந்தக் கேப்டன் மறுநாள் காலை அங்கிருந்தே இன்னொரு விமானத்தை எடுக்கவேண்டும். வேறு ஊருக்குத் திருப்பிவிட்டால் பணி நேர விதிப்படி அது முடியாது. இறங்கியே ஆகவேண்டும் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு இது ஒரு பதில். மருத்துவர் எழுதித் தராத சர்க்கரை மாத்திரைகளையும் அவர் எடுத்துக்கொண்டிருந்தார். இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து அறிவு சற்று மங்கியிருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாத்திரையை வாங்கிப் போடும் என் வயதுக்காரர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

இப்போதுதான் எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிற்றே, அதுவே இறக்கிவிடாதா? — வாசகர், வாளையாறு

இறக்கும், சொன்னபடி. என்ன சொன்னோம் என்பதில்தான் வம்பு. 1990 பிப்ரவரி 14, பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320. அப்போது அது நாட்டுக்குப் புதுப் பெண். எல்லோரும் அதிசயமாகப் பார்த்தோம். இயந்திரங்களை ஓய்வு நிலையில் வைத்துக்கொண்டே இறங்கும் ஒரு முறையில் கருவி இருந்தது. வேகம் குறைந்துகொண்டே வந்ததை இரண்டு விமானிகளும் கவனிக்கவில்லை. கவனித்து விசை கொடுத்தபோது, இயந்திரம் விழித்தெழத் தேவையான சில வினாடிகள் மிச்சமில்லை. ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் இறங்கி, கரையில் மோதித் தீப்பிடித்தது. 146 பேரில் 92 பேர். மங்களூரிலும் கரிப்பூரிலும் பாதை போதவில்லை. இங்கே பாதைக்கே வந்து சேரவில்லை.

மத்திய அமைச்சராக இருந்த மோகன் குமாரமங்கலம் இறந்ததும் விமானம் இறங்கும்போதுதானா? — வாசகர், கொல்லங்கோடு

ஆம். 1973 மே 31, சென்னையிலிருந்து டெல்லி போன விமானம். புழுதிக்காற்றில் டெல்லியின் பாலம் விமான நிலைய ஓடுபாதை கண்ணில் படுவதற்கு முன்பே, இறங்கக்கூடாத உயரத்துக்குக் கீழே இறங்கி மின்கம்பிகளில் மாட்டியது. 65 பேரில் 48 பேர் இறந்தார்கள். அப்போதைய கோவை எம்.பி. பாலதண்டாயுதமும் அதில் இறந்தார். எனக்குப் பள்ளிக்கூட வயது. எங்கள் ஊர் வாசகசாலையில் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் நின்றது நினைவிருக்கிறது.

எந்த இருக்கை பாதுகாப்பானது? கறுப்புப் பெட்டி உண்மையில் கறுப்பா? — இரண்டு வாசகர்கள், முதலமடை

பெல்ட் போட்ட இருக்கை. பெட்டி ஆரஞ்சு நிறம்.

மகன் ஷார்ஜாவிலிருந்து வருகிறான். கரிப்பூருக்கு டிக்கெட் எடுக்கவேண்டாம், கொச்சிக்கு எடு என்கிறேன். கேட்கமாட்டேன் என்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். — ஒரு தாய், வண்ணாமடை

எங்கே இறங்கினால் வீட்டுக்கு வர வசதியோ அங்கே எடுக்கட்டும் அம்மா. நீங்கள் அவனிடம் கேட்கவேண்டியது வேறு. விமானம் மேலேறிச் சுற்றினாலோ, வேறு ஊரில் கொண்டுபோய் இறக்கினாலோ பணிப்பெண்களிடம் சண்டை போடாமல் இருப்பானா? ஊரில் பழக்கம் எப்படி? நேரம் தவறினால் குரலை உயர்த்துகிறவனா?

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் படுத்தால் கோவைக்குப் போகிற விமானங்களின் சத்தம் காற்றுக்கு ஏற்றபடி கேட்கும். போன வாரம் பதினொரு மணிக்கு ஒன்று வந்தது. சிறிது நேரத்தில் அதே குரல் மறுபடி, இந்த முறை தெற்கே தள்ளி. பிறகு மேற்கே தேய்ந்துகொண்டே போயிற்று. கொச்சிக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். காலையில் யாரோ புகார் எழுதியிருப்பார்கள். உங்கள் மகன் வந்ததும் எழுதுங்கள்.